வெளிநாட்டில் ஓய்வுக்காலம்: நாடுகளைக் கழித்துக் கழித்துத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஓய்வுக்குப் பிறகு எந்த நாட்டில் போய் இருக்கலாம் என்று யோசிக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர், கடைசியில் பார்க்க வேண்டியதை முதலில் பார்க்கிறார்கள். கடற்கரை, குளிர், வாடகை, காய்கறி விலை. ஆறு மாதம் இதில் போன பிறகுதான் அந்த நாட்டு விசாவுக்குத் தங்கள் வருமானம் போதாது என்று தெரிய வருகிறது.

சரியான வரிசை இதற்கு நேர்மாறானது. ஒரு நாட்டை ஒரே அடியில் கழித்துவிடக்கூடிய விஷயம் எதுவோ, அதை முதலில் பார்க்க வேண்டும். அதிலும் காசு செலவில்லாமல் வீட்டில் உட்கார்ந்தே பார்க்கக்கூடியவை முன்னால் வர வேண்டும். விமான டிக்கெட் ஐந்தாவது படியில்தான் வரும்.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு தமிழ்நாட்டில் வசிக்கும், 55 முதல் 65 வயதுக்குட்பட்ட தம்பதியை மனத்தில் வைத்து எழுதியது இது. விசா, வரி எண்களெல்லாம் ஆண்டுக்கு ஆண்டு மாறுபவை. விண்ணப்பிக்கும் வாரத்தில் அந்தந்த நாட்டுக் குடிவரவுத் துறையின் தளத்தில் இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.

## தொடங்கும் முன்: பெயரைச் சரிசெய்யுங்கள்

காகித வேலையில் மிக அதிக நாள் இழுப்பது இதுதான். அதனால் நாட்டைப் பற்றி யோசிக்கத் தொடங்கும் முன்பே இதைத் தொடங்கிவிட வேண்டும்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். கணவர் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். மனைவியின் பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் இனிஷியல், ஆதாரில் கணவரின் இனிஷியல், பாஸ்போர்ட்டில் கணவர் பெயரே குடும்பப் பெயராக. நம் ஊர் அலுவலகத்தில் இது யாருக்கும் உறுத்தாது. வெளிநாட்டு அதிகாரிக்கு இவர்கள் மூன்று வெவ்வேறு பெண்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களை விடுவதில்லை என்று அறிவித்தபோது நம் ஆட்கள் பலர் திண்டாடியது இதனால்தான்.

பாஸ்போர்ட்டை மூலமாக வைத்துக்கொண்டு ஆதார், பான், வங்கிக் கணக்கு, பென்ஷன் புத்தகம் எல்லாவற்றையும் அதற்கு ஒத்துவரச் செய்யுங்கள். பாஸ்போர்ட்டே தப்பு என்றால் முதலில் அதைத் திருத்துங்கள். தேவைப்பட்டால் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிடுங்கள். 'இருவரும் ஒருவரே' என்று நோட்டரியிடம் வாங்கும் உறுதிமொழிப் பத்திரத்தை நம்பி இருக்க வேண்டாம், பல தூதரகங்கள் அதை ஏற்பதில்லை.

அடுத்தது திருமணச் சான்று. 1980களில் திருமணமான பலரிடம் அழைப்பிதழும் ஆல்பமும்தான் இருக்கும். துணைவரைச் சார்ந்தவராகச் சேர்க்கப் பதிவுச் சான்று இல்லாமல் முடியாது. இந்துத் திருமணச் சட்டத்தின் கீழ் எத்தனை ஆண்டு கழித்தும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். பதியும்போது இருவர் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன் படித்துப் பாருங்கள்.

காவல் துறைத் தடையின்மைச் சான்றை இப்போது வாங்க வேண்டாம். பாஸ்போர்ட் சேவை மையத்தில் வாங்குவது எளிதுதான். ஆனால் பெரும்பாலான நாடுகள் ஆறு மாதத்துக்குள் வாங்கியதையே ஏற்கும்.

## 1. ஒரு பக்கக் கணக்கு எழுதுங்கள்

ஒரு தாளில் நான்கு எண்கள் போதும்.

முதல் எண், சாகும் வரை வரும் மாத வருமானம்: பென்ஷன், குடும்பப் பென்ஷன், ஆன்யுட்டி (காப்பீட்டு நிறுவனத்தில் மொத்தமாகப் பணம் கட்டி வாங்கும் பென்ஷன்). இரண்டாவது, நிற்காத ஆனால் ஏறி இறங்கும் வருமானம்: வட்டி, வாடகை. மூன்றாவது, ஒரு வாரத்தில் கையில் எடுக்கக்கூடிய தொகை. நான்காவது, வீடு, நிலம் என்று விற்றால்தான் வரும் தொகை.

இப்படிப் பிரிப்பதற்குக் காரணம், ஒவ்வொரு நாடும் இவற்றில் வேறு வேறு எண்ணைக் கேட்கிறது. பனாமா வாழ்நாள் பென்ஷனைக் கேட்கும். ஸ்பெயின் மாத வருமானம் வருகிறதா என்று பார்க்கும். மலேசியாவுக்கு வைப்புத்தொகைதான் முக்கியம். "ஒன்றரைக் கோடி சொத்து இருக்கிறது" என்று மொத்தமாகச் சொன்னால் எந்தப் படிவத்தையும் நிரப்ப முடியாது. அதில் ஒரு கோடியே இருபது லட்சம் மடிப்பாக்கத்து வீடாக இருக்கும்!

அடுத்து ரூபாய்ச் சரிவு. 2015-இல் ஒரு டாலர் ஏறத்தாழ 64 ரூபாய், 2025-இல் 85-ஐத் தாண்டிவிட்டது. ஆண்டுக்குச் சராசரி 3 சதவீதம் என்று வையுங்கள். வெளிநாட்டில் இன்று மாதம் 1 லட்ச ரூபாய் செலவு என்றால், அங்கே விலைவாசி ஒரு பைசா ஏறாவிட்டாலும் பத்தாண்டில் அது 1.34 லட்சம். பென்ஷனில் அகவிலைப்படி இல்லாதவர்கள் இந்த வரியைச் சிவப்பு மையில் எழுதிக்கொள்ளட்டும்.

## 2. விசாவை வைத்து நாடுகளைக் கழியுங்கள்

முதலில் ஒரு தப்பெண்ணத்தைக் களைந்துவிடுவோம். அமெரிக்கா, கனடா, பிரிட்டன் மூன்றிலும் ஓய்வுக்கென்று விசா கிடையாது. ஆஸ்திரேலியா தன் ஓய்வு விசாவை 2018-இல் புதியவர்களுக்கு மூடிவிட்டது. பிள்ளைகள் அங்கே இருந்தால் அது பெற்றோர் விசா என்ற தனிப் பாதை. கனடாவின் சூப்பர் விசாவில் ஒரு தடவைக்கு ஐந்தாண்டு வரை இருக்கலாம், ஆனால் அது வருகையாளர் விசாதான், அரசு மருத்துவம் அதில் வராது. பிள்ளையோடு இருக்கப் போகிறோமா, நாமே தனியாக இருக்கப் போகிறோமா என்பதை முதலில் வீட்டில் பேசி முடித்துவிடுங்கள். இரண்டையும் கலந்தால் தேடல் எங்கேயும் போய்ச் சேராது.

தனியாக இருப்பதுதான் முடிவு என்றால் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணவருக்கு 62, மனைவிக்கு 57. மாதப் பென்ஷன் 50,000 ரூபாய், 70 லட்சம் எஃப்.டி.யிலிருந்து ஆண்டுக்கு 5 லட்சத்தை ஒட்டி வட்டி. மாதம் ஏறத்தாழ 92,000 ரூபாய். டாலர் 88, யூரோ 100, திர்ஹாம் 24, தாய்லாந்து பாட் 2.70 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்கிறோம்.

ஸ்பெயின், வேலை செய்யாமல் வசிக்கும் விசா: ஒருவருக்கு மாதம் 2,400 யூரோ, துணைவருக்கு 600. மொத்தம் 3 லட்ச ரூபாய். கழிந்தது.

துபாய், 55 வயதுக்கு மேல் ஐந்தாண்டு ஓய்வு விசா: மாதம் 15,000 திர்ஹாம் வருமானம், அதாவது 3.6 லட்ச ரூபாய். அல்லது 10 லட்சம் திர்ஹாம் சேமிப்போ அதே மதிப்பில் வீடோ. கழிந்தது.

பனாமா: வாழ்நாள் பென்ஷன் மாதம் 1,000 டாலர், துணைவருக்கு இன்னும் 250. வட்டியைப் பென்ஷனாகக் காட்ட முடியாது. 50,000 ரூபாய் பென்ஷன் 570 டாலர்கூட வரவில்லை. கழிந்தது.

இலங்கை, 55 வயதுக்கு மேற்பட்டோருக்கான 'மை டிரீம் ஹோம்' விசா: 15,000 டாலர் வைப்பு எளிதுதான். ஆனால் மாதம் 1,500 டாலரும் துணைவருக்கு 750-உம் வெளியிலிருந்து வர வேண்டும். ஏறத்தாழ 2 லட்ச ரூபாய். தமிழ் பேசி வாழலாம், ஒரு மணி நேர விமானம் என்பதெல்லாம் சரி, இந்தத் தம்பதிக்குக் கழிந்தது.

மலேசியா, எம்.எம்.2எச். ('மலேசியா என் இரண்டாவது வீடு' என்ற நீண்ட காலத் தங்கும் திட்டம்): 2024 விதிப்படி வெள்ளி நிலைக்கு 1,50,000 டாலர் வைப்பு. ரூபாயில் 1.32 கோடி. அதோடு குறைந்தது 6 லட்சம் ரிங்கிட்டுக்கு வீடும் வாங்கியாக வேண்டும். சிறப்புப் பொருளாதார மண்டலப் பிரிவில் 50 வயதானவர்களுக்கு 32,000 டாலர் வைப்பு போதும், ஏறத்தாழ 28 லட்சம். ஆனால் ஜொகூர் மாநிலத்தில் அந்த மண்டலத்துக்குள்தான் வீடு வாங்க வேண்டும். வைப்புத்தொகையை மட்டும் பார்த்துவிட்டு 'மலேசியா மலிவு' என்பவர்கள் இந்த வரியைப் படிக்காதவர்கள்.

தாய்லாந்து, 50 வயதுக்கு மேல்: மாதம் 65,000 பாட் வருமானம் (1.75 லட்ச ரூபாய்), அல்லது தாய்லாந்து வங்கியில் 8 லட்சம் பாட் (21.6 லட்ச ரூபாய்). முதல் வழி கழிந்தது, இரண்டாவது நிற்கிறது. ஆனால் அந்த 21.6 லட்சம் இங்கே ஈட்டிக்கொண்டிருந்த ஒன்றரை லட்ச ரூபாய் வட்டியை வருமானத்திலிருந்து கழிக்க மறக்கக் கூடாது.

ஆறில் நாலு ஒரு மாலைப் பொழுதில் போயிற்று, மிச்சம் மலேசியாவும் தாய்லாந்தும்தான். மொரீஷியஸ் போன்ற வேறு நாடுகளையும் இதே மாதிரி எழுதுங்கள். மூன்றுக்கு மேல் மிஞ்சினால் அதிர்ஷ்டசாலி.

மிஞ்சிய நாட்டின் விதியைக் கடைசி வரை படியுங்கள். தாய்லாந்தையே எடுத்துக்கொண்டால், 8 லட்சம் பாட் விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பே கணக்கில் இருக்க வேண்டும். அனுமதி கிடைத்து மூன்று மாதம் வரை கை வைக்கக் கூடாது. மீதி ஆண்டு முழுக்க 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. ஒரு நாள் இறங்கினாலும் அடுத்த ஆண்டு நீட்டிப்பில் கேள்வி வரும். 90 நாளுக்கு ஒரு முறை முகவரி அறிக்கை கொடுக்க வேண்டும். ஊரில் கல்யாணத்துக்கு வருவதானால் கிளம்பும் முன் மறுநுழைவு அனுமதி வாங்க வேண்டும், ஒரு தடவைக்கு 1,000 பாட், பல தடவைக்கு 3,800. அது வாங்காமல் விமானம் ஏறினால் ஆண்டு அனுமதி அங்கேயே செத்துப்போகும். புதிதாகப் போகிறவர்கள் முதல் ஆண்டில் செய்யும் பெரிய தவறு இதுதான்.

விதி எத்தனை தடவை மாறியிருக்கிறது என்றும் பாருங்கள். மலேசியா 2002-இல் தொடங்கிய திட்டத்தை 2020-இல் நிறுத்தி வைத்து, 2021-இல் மாத வருமான வரம்பை 10,000 ரிங்கிட்டிலிருந்து 40,000-க்கு ஒரேயடியாக ஏற்றியது, 2024-இல் மொத்த அமைப்பையே மாற்றியது. இன்றைய வரம்பில் மயிரிழையில் தேறுகிற நாட்டை நம்பி வீட்டை விற்கக் கூடாது.

## 3. மருத்துவக் காப்பீட்டு விலையை எழுத்தில் வாங்குங்கள்

விசாவில் தேறிய நாடு பெரும்பாலும் விழுவது இங்கேதான்.

நம் ஊர் மருத்துவக் காப்பீடுகள் பெரும்பாலும் இந்தியாவுக்குள் மட்டும் செல்லும். அரசு ஓய்வூதியர் காப்பீட்டுத் திட்டமும் அப்படித்தான். அங்கே போய்ப் புதிதாக எடுக்க வேண்டும். வயது 60-ஐத் தாண்டியிருந்தால் பிரீமியம் எகிறும். 70-ஐ நெருங்கினால் புதிய ஆளையே சேர்க்காத நிறுவனங்கள் உண்டு. சர்க்கரை, ரத்த அழுத்தம், ஸ்டென்ட் வைத்தது இவை 'முன்பே இருந்த நோய்' என்று விலக்கப்படும். அதாவது எது வரும் என்று பயந்து காப்பீடு எடுக்கிறோமோ அதற்குத்தான் காசு வராது.

அதனால் நாட்டை முடிவு செய்யும் முன்பே இரண்டு மூன்று நிறுவனங்களிடம் உண்மையான மருத்துவ வரலாற்றைக் கொடுத்து விலைப்புள்ளி கேளுங்கள். மறைத்து வாங்கும் பாலிசி முதல் பெரிய பில்லிலேயே ரத்தாகும். மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வேண்டும்: எந்த வயது வரை புதுப்பிப்பீர்கள், எந்த நோய் விலக்கு, 75 வயதில் இன்றைய கட்டண அட்டவணைப்படி பிரீமியம் எவ்வளவு.

தாய்லாந்தின் ஓ-ஏ விசாவுக்கு (கிளம்பும் முன்பே தூதரகத்தில் வாங்கும் ஓராண்டு ஓய்வு விசா) 30 லட்சம் பாட் காப்பீடு கட்டாயம். சாதாரண ஓ விசாவில் போய் அங்கே நீட்டித்துக்கொள்பவர்களுக்குக் கட்டாயமில்லை. கட்டாயமில்லை என்பதற்காக இல்லாமல் இருப்பவர்கள், தனியார் மருத்துவமனையில் சேர்க்கும் முன் முன்பணம் கேட்கும்போது விழிக்கிறார்கள். காப்பீடு கிடைக்கவே இல்லை என்றால், அதற்கென்று தனி எஃப்.டி. ஒன்றை விசா பணத்தோடு கலக்காமல் வையுங்கள். அதற்கும் வழியில்லை என்றால் அந்த நாட்டையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

மாத்திரை விஷயம் சின்னதாகத் தெரியும். இங்கே மருந்துக்கடையில் கொடுக்கும் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. மருத்துவரிடம் 'டெல்மிசார்டான் 40 மி.கி., அம்லோடிபின் 5 மி.கி.' என்று மூலப்பெயரில் சீட்டு எழுதி வாங்குங்கள். பிறகு ஒவ்வொன்றும் அங்கே கிடைக்கிறதா, கொண்டுபோகத் தடை உண்டா என்று பாருங்கள். டிராமடால், கோடீன் உள்ள வலி, இருமல் மருந்துகளை அமீரகத்துக்கு முன் அனுமதியில்லாமல் கொண்டுபோனால் வழக்காகும்.

## 4. பணம் போகும் வழியையும் வரியையும் ஆடிட்டரோடு உட்கார்ந்து போடுங்கள்

இந்தியாவில் வசிப்பவராக இருக்கும்வரை எல்.ஆர்.எஸ். என்ற ரிசர்வ் வங்கித் திட்டத்தின் வழியில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். தொகை போதும், தடுக்குவது டி.சி.எஸ். என்ற முன்கூட்டிய வரிப் பிடித்தம். மருத்துவம், படிப்பு அல்லாத காரணத்துக்கு 10 லட்ச ரூபாய்க்கு மேல் போகும் தொகையில் 20 சதவீதத்தை வங்கி பிடித்துக்கொள்ளும். 21.6 லட்சம் அனுப்பினால் 11.6 லட்சத்தின் மேல் 2.32 லட்சம் கூடுதலாகக் கையில் இருக்க வேண்டும். வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம், ஆனால் பல மாதம் பணம் முடங்கும்.

இதற்கு நேர்வழி உண்டு. 10 லட்சம் வரம்பு நிதியாண்டுக்கு நிதியாண்டு புதிதாகத் தொடங்குகிறது. மார்ச் கடைசியில் பாதி, ஏப்ரல் முதலில் பாதி என்று அனுப்பினால் 1.6 லட்சத்தின் மேல் மட்டும்தான் டி.சி.எஸ்., அதாவது 32,000 ரூபாய். கிளம்பும் தேதியை இதை வைத்தே குறிக்கலாம்.

காலவரையின்றித் தங்கக் கிளம்பிய பிறகு, சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக, அதாவது இந்தியாவில் வசிக்காதவர்களுக்கான ரூபாய்க் கணக்காக மாற்ற வேண்டும். பலர் வங்கியிடம் சொல்லாமலே பழைய கணக்கை ஓட்டுவார்கள். அது அந்நியச் செலாவணி விதிமீறல். என்.ஆர்.ஓ.விலிருந்து ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை, ஆடிட்டர் சான்றோடு உரிய வருமான வரிப் படிவம் கொடுத்து அனுப்பலாம். வரி கட்டிய பென்ஷன், வட்டி போன்ற நடப்பு வருமானம் இந்த வரம்பில் சேராது.

இனி யாரும் முன்கூட்டிச் சொல்லாத செலவு. வசிப்பவராக இருக்கும்போது புதிய வரி முறையில் 2025-26 நிதியாண்டில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரி வராததற்குக் காரணம் ஒரு தள்ளுபடி. அந்தத் தள்ளுபடி என்.ஆர்.ஐ.க்குக் கிடையாது. நம் தம்பதியின் வருமானம் முழுவதும் கணவர் பெயரில் என்று வைப்போம். பென்ஷன் 6 லட்சத்தில் நிலையான கழிவு 75,000 போக 5.25 லட்சம், வட்டி 5 லட்சம், மொத்தம் 10.25 லட்சம். இங்கே இருந்தால் வரி பூஜ்யம். என்.ஆர்.ஐ. ஆனால் 42,500 ரூபாயும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்ந்து 44,200. அது மட்டுமா? என்.ஆர்.ஓ. வட்டியில் 31.2 சதவீதம் டி.டி.எஸ். போகும், 5 லட்சத்துக்கு 1.56 லட்சம். மூத்த குடிமக்கள் வரி பிடிக்காமலிருக்க வங்கியில் கொடுக்கும் உறுதிமொழிப் படிவத்தைக் கொடுத்துத் தப்பிக்க முடியாது. இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தப்படி குறைந்த விகிதம் வேண்டுமானால் அந்த நாட்டின் வரி வசிப்புச் சான்று வாங்கி வங்கியில் கொடுக்க வேண்டும்.

அங்கே வரி உண்டா என்பது அடுத்தது. தாய்லாந்தில் ஒரு ஆங்கில ஆண்டில் 180 நாள் இருந்தால் வரி வசிப்பாளர். 2024 முதல் வெளியிலிருந்து உள்ளே கொண்டுவரும் வருமானம் அங்கே வரிக்கு உட்பட்டது. அரசுப் பணிக்கான பென்ஷன் என்றால் பெரும்பாலான ஒப்பந்தங்களில் வரி போடும் உரிமை இந்தியாவுக்குத்தான், தனியார் பென்ஷனுக்கு அப்படி இல்லை. ஒப்பந்தத்தில் பென்ஷன் பிரிவைத் தனியாகப் படிக்கச் சொல்லுங்கள். நம் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, அவர்கள் ஆண்டு ஜனவரியில். முதல் ஆண்டில் இரண்டு நாட்டிலும் வரி வசிப்பாளராகிவிடாமல் கிளம்பும் மாதத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வரியே இல்லாத நாட்டுக்குப் போகிறவர்களுக்கும் ஒரு சொல்: இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டி, வேறெங்கும் வரி கட்டும் கடமை இல்லாத இந்தியக் குடிமகன், வெளியே இருந்தாலும் இங்கே வசிப்பவராகவே கருதப்படுவார்.

## 5. மோசமான மாதத்தில் போய்த் தங்குங்கள்

இப்போது டிக்கெட் எடுக்கலாம். ஆனால் டிசம்பருக்கு எடுக்காதீர்கள். டிசம்பரில் எல்லா ஊரும் நன்றாகத்தான் இருக்கும்.

வட தாய்லாந்தின் சியாங் மாய் என்றால் மார்ச்சில் போங்கள். வயலும் காடும் எரியும் புகையில் மலையே தெரியாது, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அந்த ஊர் சரிவருமா என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். துபாய் என்றால் ஜூலை. மொரீஷியஸ் என்றால் புயல் வரும் ஜனவரி, பிப்ரவரி. தென் போர்ச்சுகல் என்றால் ஜனவரி. வெயில் ஊர் என்று நினைத்துப் போவீர்கள், வீட்டுக்குள் சூடேற்றும் வசதி இல்லாமல் சுவரில் ஈரம் பூத்திருக்கும்.

சுற்றுலா அனுமதி எவ்வளவு நாளோ அவ்வளவு நாளும் இருங்கள். ஒரு மாதத்துக்குக் குறைந்தால் அது விடுமுறை. ஹோட்டலில் தங்காமல், வாடகை ஒப்பந்தத்தில் பின்னால் இருக்கப்போகும் பேட்டையிலேயே சமையலறை உள்ள வீட்டில் தங்குங்கள். செய்து பார்க்க வேண்டியவை:

- தினமும் இங்கே போலவே சமையுங்கள். உளுத்தம்பருப்பும் கறிவேப்பிலையும் எங்கே, என்ன விலை, வாரத்தில் எத்தனை நாள் கிடைக்கிறது என்று எழுதுங்கள். 'இந்தியக் கடை இருக்கிறது' என்பது ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கிறது என்றும் பொருள்படும்.
- மின்மீட்டரை முதல் நாளும் கடைசி நாளும் படம் எடுங்கள். ஏ.சி. செலவை வீட்டுக்காரர் சொல்லும் கணக்கில் நம்பாதீர்கள்.
- சாதாரணச் சளிக்காகவாவது மருத்துவமனைக்குப் போங்கள். பதிவு செய்தது முதல் மருந்து கைக்கு வரும் வரை என்ன மொழியில் பேசினார்கள், எவ்வளவு ஆயிற்று என்று பாருங்கள். இரவு பத்து மணிக்கு அங்கே போக வண்டி கிடைக்குமா என்பதையும்.
- ஒரு காலையைக் குடிவரவு அலுவலக வரிசையில் கழியுங்கள். பக்கத்தில் நிற்பவரிடம் இந்த ஆண்டு என்ன புதிதாகக் கேட்கிறார்கள் என்று விசாரித்தால் முகவர் சொல்லாதது தெரிய வரும்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். இருவரும் தனித்தனியாக நாட்குறிப்பு எழுத வேண்டும், கடைசி நாளில்தான் மாற்றிக்கொண்டு படிக்க வேண்டும். நடைப்பயிற்சியும் நண்பர்களுமாக ஒருவருக்கு நன்றாகப் போயிருக்கும். இன்னொருவர் பேச ஆளில்லாமல் நான்கு சுவருக்குள் இருந்திருப்பார். எல்லாம் விற்றுப் போனவர்கள் இரண்டாம் ஆண்டில் திரும்பி வந்தால், காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

## 6. விண்ணப்பமும் காகிதங்களும்

இப்போதுதான் காவல் துறைச் சான்று, அட்டெஸ்டேஷன் (ஆவணம் உண்மையானது என்ற சான்றொப்பம்) எல்லாம். திருமணச் சான்று போன்றவற்றை முதலில் மாநில அரசு சரிபார்க்கும், பிறகு வெளியுறவு அமைச்சகம் அபாஸ்டில் வில்லை, அதாவது உடன்படிக்கை நாடுகள் எல்லாம் ஏற்கும் சான்று வில்லை ஒட்டும். அபாஸ்டில் உடன்படிக்கையில் இல்லாத நாடு என்றால் அமைச்சக முத்திரைக்குப் பிறகு அந்த நாட்டுத் தூதரகத்திலும் முத்திரை வேண்டும். எது தேவை என்று தெரிந்த பிறகே கொடுங்கள், தப்பானதை வாங்கினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மொழிபெயர்ப்பை முத்திரை விழுந்த பிறகு செய்யுங்கள், ஏனென்றால் பல நாடுகள் முத்திரையையும் மொழிபெயர்க்கச் சொல்கின்றன.

முகவர் வைத்துக்கொள்ளலாம். ஆனால் வைப்புத்தொகை உங்கள் பெயரில் உள்ள கணக்குக்கு நேரே போக வேண்டும், முகவர் கணக்கு வழியாக ஒரு ரூபாயும் போகக் கூடாது.

## 7. முதல் ஆண்டு வாடகை

வீடு வாங்குவதைக் குறைந்தது ஓராண்டு தள்ளிப் போடுங்கள். தாய்லாந்தில் வெளிநாட்டவர் நிலம் வாங்க முடியாது. அடுக்குமாடியில் மொத்தப் பரப்பில் 49 சதவீதம் வரைதான் வெளிநாட்டவர் பெயரில் இருக்கலாம். இலங்கையிலும் நிலம் முடியாது, அடுக்குமாடி வீடு வாங்கலாம். உள்ளூர்க்காரர் பெயரில் வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். மலேசியா மாதிரி வீடு கட்டாயமான நாட்டில், ஐந்தாம் படியை இரண்டு தடவை செய்த பிறகு விண்ணப்பியுங்கள்.

## 8. இருவரில் ஒருவர் போய்விட்டால்

பேசப் பிடிக்காத பேச்சுதான், ஆனால் விண்ணப்பத்துக்கு முன் பேசியாக வேண்டும். மனைவி கணவரைச் சார்ந்தவராக விசா வாங்கியிருந்தால், கணவர் இறந்ததும் அவரது தங்கும் உரிமையும் முடியலாம். விசா பணம் இறந்தவர் பெயரில் இருந்தால் நீதிமன்றம் நிர்வாகியை நியமிக்கும் வரை வங்கி தொட விடாது. ஒரே வாரத்தில் கணவரையும், கணக்கையும், விசாவையும் இழந்து மொழி தெரியாத ஊரில் நிற்கும் நிலை இது.

முடிந்தால் இருவரும் தனித்தனித் தகுதியில் விண்ணப்பியுங்கள். முடியாவிட்டால் துணைவர் பெயரில் ஆறு மாதச் செலவுக்கான தனிக் கணக்கு அந்த நாட்டிலேயே இருக்கட்டும். அங்குள்ள சொத்துக்கு அங்கேயே உயில் எழுதுங்கள். துபாயில் முஸ்லிம் அல்லாதவர்கள் டி.ஐ.எஃப்.சி.யில் (துபாய் சர்வதேச நிதி மையம்) உயில் பதியலாம். காப்பீட்டில் உடலை ஊருக்குக் கொண்டுவரும் செலவு சேர்ந்திருக்கிறதா, தகனம் அங்கேயே செய்வதானால் எங்கே என்பதையும் எழுதிவையுங்கள். குடும்பப் பென்ஷன் முழுப் பென்ஷனைவிடக் குறைவு என்பதால், முதல் படிக் கணக்கை ஒருவருக்கு மட்டும் இன்னொரு முறை போட்டுப் பாருங்கள்.

## 9. இங்கே மூடக் கூடாதவை

இந்திய மருத்துவக் காப்பீட்டை நிறுத்தாதீர்கள். அங்கே இருக்கும்போது தண்டச் செலவு மாதிரித் தெரியும். விட்டுவிட்டு 72 வயதில் திரும்பி வந்தால் புதுப் பாலிசி கிடைப்பதே பாடு, கிடைத்தாலும் பழைய நோய்க்கு மூன்றாண்டு வரை காத்திருக்க வேண்டும்.

சிம் கார்டை உயிரோடு வையுங்கள். வங்கி ஓ.டி.பி. முழுக்க அதில்தான். 90 நாள் பயன்பாடு இல்லாவிட்டால் எண் துண்டிக்கப்படலாம், பிறகு அது வேறொருவர் கைக்குப் போகும். ரோமிங்கில் குறுஞ்செய்தி வருகிறதா என்று ஐந்தாம் படியிலேயே சோதித்துவிடுங்கள்.

மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பரில் உயிர்வாழ் சான்று தர வேண்டும், 80 தாண்டியவர்கள் அக்டோபரிலேயே தரலாம். ஜீவன் பிரமாண் செயலியில் முகம் காட்டி முடிக்கலாம், இல்லாவிட்டால் இந்தியத் தூதரகம் போக வேண்டும். கிளம்பும் முன் ஒரு தடவை இங்கேயே செயலியில் செய்து பாருங்கள், ஆதாரில் கைபேசி எண் மாறியிருந்தால் அப்போதே தெரியும்.

பி.பி.எஃப். கணக்கு முதிர்வு வரை ஓடும், நீட்டிக்க முடியாது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் என்.ஆர்.ஐ. ஆன பிறகு புதிதாகச் சேர முடியாது. இரண்டையும் கிளம்பும் தேதிக்கு முன் ஒழுங்குபடுத்துங்கள்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளப் பவர் கொடுப்பதானால் இங்கே இருக்கும்போதே சார்பதிவாளர் முன் எழுதுங்கள். வாடகை வசூல், வரி கட்டுதல் என்று குறிப்பிட்டு எழுதினால் போதும், விற்கும் உரிமை வேண்டாம். பின்னால் விற்க நேர்ந்து பவர் மூலம் பதியப் போனால், கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்றைத் தமிழ்நாட்டுப் பதிவு அலுவலகம் கேட்கும், அதுவும் முப்பது நாளுக்குள் வாங்கியதாக. வீட்டை விற்பதா என்பதையே மூன்றாம் ஆண்டு விசா நீட்டிப்பு கைக்கு வந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.